பம்ப்பின் மேல் விழும் பழி

பழைய சங்கிலி ரம்பத்தில் செயினுக்கு எண்ணெய் வரவில்லை என்றதும் ஜெர்மனியில் பட்டறைக்காரரிலிருந்து பக்கத்து வீட்டு விறகு வெட்டி வரை எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: எண்ணெய் பம்ப் போய்விட்டது. முப்பது வருஷத்து மெஷின், தேயாமல் என்ன செய்யும் என்பது அதற்குக் காரணம். கூடவே இரண்டாவது தீர்ப்பு ஒன்றும் வரும்: ‘பயோ’ எண்ணெயை ஊற்றினீர்கள் அல்லவா, அதுதான் பம்ப்பைக் கொன்றது. இந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு, இன்னும் இருபது வருஷம் உழைக்கக்கூடிய ரம்பங்களைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. முதல் தீர்ப்பு பெரும்பாலான நேரங்களில் தவறு. இரண்டாவது பாதி உண்மை. பாதி உண்மைக்கே உரிய பிடிவாதத்தோடு அது நிலைத்திருக்கிறது.

பேச்சு எந்த ரம்பங்களைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஆந்திரேயாஸ் ஷ்டீல் 1926இல் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை தொடங்கினார். எமில் லெர்ப் 1927இல் துரிங்கியா மாநிலத்து டோல்மார் மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்தார். அந்த மலையின் பெயரே அவருடைய நிறுவனத்தின் பெயரானது. அந்தக் காலத்து ரம்பத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவை இன்று அருங்காட்சியகத்துக்கு உரியவை. இங்கே ‘பழையது’ என்பது 1980களிலும் 90களிலும் விற்ற, இன்றும் ஷ்வேபிஷ் ஆல்ப், ஓடன்வால்ட் கிராமங்களின் வண்டிக் கொட்டகைகளில் இருக்கும் ரம்பங்கள்: ஷ்டீலின் 024, 026, 034, 036, 038, டோல்மாரின் 111, 115, இவற்றின் சமகாலத்து ஹுஸ்க்வார்னாக்கள். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த உடல், எளிய கார்புரேட்டர், கழற்றிப் பூட்டக்கூடிய உள்ளுறுப்புகள். குளிர்காலத்துக்கு விறகு சேர்க்கும் குடும்பங்கள் இவற்றை வைத்தே வேலை பார்க்கின்றன.

எண்ணெய் இல்லாமல் இந்த ரம்பங்கள் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏழு பல் கொண்ட சக்கரம், எட்டில் மூன்று அங்குலப் பிட்ச் செயின், நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று கணக்குப் போட்டால் செயின் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. செயினைத் தாங்கும் நீண்ட தகடான பாரின் பள்ளத்தில் இரும்போடு இரும்பு உரசி அந்த வேகத்தில் ஓடும்போது நடுவில் எண்ணெய்ப் படலம் இல்லையென்றால், சில நிமிடங்களில் பார் நீலம் பாயும், செயின் நீளும், பாரின் விளிம்பு பிசிறடிக்கும். ஆகவே எண்ணெய் வரவில்லை என்ற கவலை நியாயமானது. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் நியாயமில்லாதது.

எண்ணெய் போகும் வழி மிகக் குறுகியது. டேங்கின் அடியில் ஒரு சிறு வடிகட்டித் தலை, அதிலிருந்து ரப்பர் குழாய், குழாய் முடியும் இடத்தில் பம்ப், பம்ப்பிலிருந்து ரம்பத்தின் உடலில் குடைந்த ஒரு கால்வாய், அது வெளியே திறக்கும் வாய், அந்த வாய்க்கு நேராகப் பாரில் ஒரு துளை, துளையிலிருந்து பாரின் பள்ளம். பள்ளத்தில் ஓடும் செயினின் வால்கள் எண்ணெயை அள்ளிக்கொண்டு மூக்கு வரை போய்க் கீழ்ப்பக்கமாகத் திரும்புகின்றன. இதற்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: டேங்குக்குள் காற்று வரும் வழி. இத்தனை உறுப்புகளில் சுழலும் உறுப்பு பம்ப் ஒன்றே என்பதால் தேய்வதும் அதுவே என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் இந்த வழியில் எப்போதும் எண்ணெயிலேயே மூழ்கி ஓடுவதும் பம்ப் ஒன்றுதான். மரத்தூள் குவியும் இடங்கள் வேறு, ரப்பர் வெடிக்கும் இடம் வேறு, காற்று அடைபடும் இடம் வேறு. கெட்டுப்போவதற்கு அதிக வாய்ப்புள்ளவை எல்லாம் பம்ப்புக்கு முன்னும் பின்னும் இருக்கின்றன.

அதற்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எண்ணெய் உண்மையிலேயே வரவில்லையா? பார் புகைகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். மழுங்கிய செயினும் புகைக்கும். கூர்மையான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாக அரைக்கும். மாவு வந்தால் கோளாறு அரத்தைக் காணாத பற்களில் இருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கிய செயினும் அப்படியே: கையால் இழுத்தால் நகராத செயினுக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது சுடத்தான் செய்யும்.

உண்மையான சோதனை இரண்டு. முதலாவது, வெட்டு முகத்துக்கோ வெள்ளை அட்டைக்கோ மேலே ஒரு சாண் உயரத்தில் பாரின் மூக்கைப் பிடித்து, பாதி ஆக்ஸிலரேட்டரில் சில நொடிகள் ஓட்டுவது. எண்ணெய் வருகிறதென்றால் அட்டையில் மெல்லிய கோடு விழும். இரண்டாவது, டேங்கைப் பார்ப்பது. இந்த ரம்பங்கள் எல்லாவற்றிலும் பெட்ரோல் தீரும்போது எண்ணெயும் ஏறக்குறையத் தீரும்படிதான் டேங்குகளின் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தும் எண்ணெய் குறையவே இல்லையென்றால் ஓட்டம் தடைபட்டிருக்கிறது. ஷ்டீலின் கையேடு இந்த நிலைக்குச் சொல்லும் வரிசை கவனிக்கத்தக்கது: உயவு நடக்கிறதா என்று பார், எண்ணெய் வழிகளைச் சுத்தம் செய், அப்புறமும் சரியாகவில்லையென்றால் முகவரிடம் போ. பம்ப்பை மாற்று என்று அது தொடங்கவில்லை. ரம்பத்தைச் செய்தவர்களே பழி சுமத்த அவசரப்படாதபோது, கொட்டகையில் நின்று பார்ப்பவர்கள் அவசரப்படுவது விசித்திரம்.

ஓட்டம் தடைபட்டிருப்பது உறுதியானால், தேடலைப் பாதியாகப் பிளப்பதுதான் புத்திசாலித்தனம். பாரையும் செயினையும் கழற்றிவிட்டு, எண்ணெய் வாயைத் துணியால் துடைத்து, செயின் பிரேக்கை விடுவித்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினால் போதும். வாயில் எண்ணெய் கசிந்து வழிந்தால் பம்ப் நிரபராதி. கோளாறு பாரில் இருக்கிறது. வழியாவிட்டாலும் பம்ப் இன்னும் குற்றவாளி ஆகிவிடவில்லை. சந்தேக வட்டம் டேங்கிலிருந்து வாய் வரை சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சினை முடுக்காமல், மெதுவோட்டத்திலேயே வாயைப் பார்த்துவிட்டு எண்ணெய் வரவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. 026, 036 போன்றவற்றில் பம்ப்பைச் சுழற்றுவது கிளச் டிரம். டிரம் சுற்றாதபோது பம்ப்பும் சுற்றாது. செயின் நிற்கும்போது எண்ணெய் வீணாகாமலிருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மெதுவோட்டத்தில் எண்ணெய் வராதது அந்த ரம்பத்தின் குணம். எஞ்சின் ஓடினாலே பம்ப்பும் ஓடும் பழைய ஹுஸ்க்வார்னா மாடல்கள் சிலவற்றில் பழகியவர்கள் ஷ்டீலைக் கையிலெடுக்கும்போது இந்தக் குழப்பம் சட்டென்று வருகிறது.

பார் என்பது பலர் நினைப்பதைவிடப் பெரிய குற்றவாளி. பள்ளத்தில் சேரும் பொருளை ஒருமுறை எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: மாவான மரத்தூளும் எண்ணெயும் பட்டை மண்ணும் கலந்து, கருத்து, அழுத்தி அழுத்தி மெழுகுபோல் இறுகிய பசை. ஸ்க்ரூ டிரைவரால் இழுத்தால் அது துண்டு துண்டாக, பள்ளத்தின் அச்சாகவே வெளியே வரும். எண்ணெய்த் துளை இதற்கு அடியில் புதைந்திருக்கும். பார்களில் மேலும் கீழும் இரண்டு துளைகள் இருப்பது, ஒரு பக்கமே தேயாமலிருக்கப் பாரைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்காக. திருப்பிப் போட்ட அன்றைக்கே எண்ணெய் நின்றுபோனதாகச் சொல்வார்கள். அதுவரை கீழே சும்மா கிடந்து பசை அடைத்துக்கொண்ட துளை மேலே வந்து எண்ணெய் வாய்க்கு நேரானதுதான் அதற்குக் காரணம். மலிவாக வாங்கிய வேறு கம்பெனிப் பாரில் துளை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் இதே கதிதான். எண்ணெய் பாரின் பின்புறம் வழிந்து ரம்பத்தின் வயிற்றை நனைக்கும், செயினுக்குப் போகாது. அப்போது டேங்க் ஒழுங்காகக் குறையும், செயின் மட்டும் வறண்டிருக்கும். இதையும் பம்ப்பின் பலவீனம் என்று எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பாரில் கோளாறு இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று வழி. பழைய ரம்பங்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் உறுப்பு இதுதான். டேங்கிலிருந்து எண்ணெய் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்ட பிறகுதான் ஒழுகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ரம்பத்தில் அந்த இரண்டாவது ஓட்டை டேங்கின் சுவரில் பதித்த, மிளகு அளவேயான ஒரு வால்வு. காற்றை உள்ளே விடும், எண்ணெயை வெளியே விடாது. அதைப் பெரும்பாலும் செயின் சக்கரத்தை மூடும் கவருக்குப் பின்னால், அதாவது மரத்தூளும் எண்ணெயும் வந்து அப்பும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அது அடைபட்டால் வரும் அறிகுறி தெளிவானது. வேலை தொடங்கும்போது எண்ணெய் நன்றாக வரும். ஐந்து பத்து நிமிடத்தில் குறையும். பிறகு நிற்கும். டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிவிட்டது; பம்ப் அதை எதிர்த்து இழுக்க முடியாமல் தவிக்கிறது. நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால், மூடியின் ஓரமாகக் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போய்விடும். திரும்ப வந்ததும் எண்ணெய் நன்றாக வரும். இந்தச் சரித்திரத்தைக் கேட்ட பட்டறைக்காரர் சொல்வது: சூடானால் பம்ப் விட்டுவிடுகிறது, தேய்ந்துவிட்டது. கேட்க அறிவுப்பூர்வமாகவே இருக்கிறது. உண்மையில் தேய்ந்த பம்ப்பும் எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும்போது குறைவாகத்தான் தள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு, அதற்கு ஸ்பானர்கூட வேண்டாம்: எண்ணெய் நின்ற அந்த நிமிடத்திலேயே ரம்பத்தை நிறுத்தி, நேராக வைத்து, எண்ணெய் மூடியைத் திறக்க வேண்டும். உள்பக்கமாகக் காற்று இழுபடும் ‘உஸ்’ சத்தம் கேட்டு, மூடியைத் திரும்பப் போட்டு ஓட்டும்போது எண்ணெய் உடனே திரும்பினால் வால்வு அடைத்திருக்கிறது. தேய்ந்த பம்ப் மூடியைத் திறந்ததற்காகத் திருந்திவிடாது. வால்வைச் சுத்தம் செய்யவும், இல்லையென்றால் மாற்றவும் ஆகும் செலவு பம்ப்போடு ஒப்பிட்டால் சில்லறை.

வடிகட்டித் தலையும் ரப்பர் குழாயும் அடுத்தவை. காட்டில் குனிந்து நிரப்பும்போது மூடியைச் சுற்றியிருக்கும் தூள் டேங்குக்குள் விழுவதைத் தவிர்க்க முடியாது. முப்பது வருஷத் தூள் அடியில் சேறாகத் தேங்கி வடிகட்டியைப் போர்த்திவிடும். கொக்கி வளைத்த கம்பியால் தலையை டேங்க் வாய் வழியாக வெளியே இழுத்தாலே பாதிக் கதை தெரியும்: அது மென்மையான கம்பளம்போல் இருக்கவேண்டிய இடத்தில் பாறையாக இருக்கும். குழாயின் கதை இன்னும் நுட்பமானது. பழைய ரப்பர் விறைத்து, வளைவில் மயிரிழைபோல் வெடிக்கும். அந்த வெடிப்பு எண்ணெயைக் கசியவிடுவதைவிடக் காற்றை உறிஞ்சும். டேங்க் நிறைய இருக்கும்போது வெடிப்பு எண்ணெய்க்குள் மூழ்கியிருப்பதால் ஒன்றும் தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றைக் குடிக்கத் தொடங்கும். பாதி டேங்க் வரை வரும், அப்புறம் வராது என்று யாராவது சொன்னால் குழாயைத்தான் பார்க்க வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகி இழுவை கூடும்போது இதே வெடிப்பு இன்னும் அதிகத் தொல்லை தரும். ஜெர்மனியில் விறகு வேலை நடப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதால், கோடையில் சரியாக இருந்தது குளிரில் போயிற்று என்ற புகார் சகஜம். அங்கேயும் முதலில் பெயர் அடிபடுவது பம்ப்தான்.

இத்தனைக்கும் பிறகு கிளச்சைக் கழற்றலாம். கழற்றுவதற்கு முன் பிளக் ஒயரை எடுத்துவிட வேண்டும். கிளச்சின் மரை இடது மரை என்பதையும் மறக்கக் கூடாது, வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். உள்ளே பம்ப்புக்கு முன்னால் கண்ணில் படுவது அதை ஓட்டும் வார்ம் சக்கரம். 026 போன்றவற்றில் கிராங்க் தண்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் இந்தச் சிறு சக்கரத்திலிருந்து ஒரு வளைந்த கம்பி நீண்டு, டிரம்மின் விளிம்பில் வெட்டிய ஒரு பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பி வழியாகத்தான் டிரம் வார்மைச் சுற்றுகிறது; வார்ம் பம்ப்பைச் சுற்றுகிறது. கம்பி முறிந்தாலோ, வளைந்தாலோ, கடைசியாக டிரம்மைப் பூட்டியவர் கம்பி பள்ளத்தில் விழுந்ததா என்று பார்க்காமல் கிளிப்பை மாட்டியிருந்தாலோ, எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு சொட்டு வராது. செயின் சக்கரத்தை மாற்றிய கையோடு எண்ணெய் நின்றுபோன ரம்பங்களில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே. டிரம்மை வைத்து, கம்பி ‘டக்’ என்று பள்ளத்தில் விழும் வரை மெதுவாகச் சுற்றி, அப்புறம் கிளிப் போடுவது சில நொடி வேலை. சில மாடல்களில் வார்மின் பற்கள் பிளாஸ்டிக். அவை மழுங்கிப்போவதும் உண்டு. அப்போதும் மாற்றவேண்டியது வார்மை.

இப்போது பம்ப்பையே பார்க்கலாம். ஒரு சிறு உருளைக் கூட்டுக்குள் விரல் நீளமும் இல்லாத எஃகு முளை ஒன்று. வார்ம் அதைச் சுற்றுகிறது. சுற்றும்போது அதன் சரிந்த முகம் ஒரு முனையில் உரசி முளையை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. முளையின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பதால் அதுவே வால்வாகவும் வேலை செய்கிறது: ஒரு பாதிச் சுற்றில் எண்ணெய் வரும் துளையைத் திறக்கும், மறு பாதியில் போகும் துளையை. எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ இருந்தால், அது முளை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை மாற்றுகிறது. இவ்வளவுதான் முழு இயந்திரமும். நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர் தள்ளும், தன் எண்ணெயிலேயே குளிக்கும், இவ்வளவு சிறிய இந்த உறுப்பு தேய்வதென்றால் அதற்குள் மண் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் என்ற பெயரில் வேறு ஏதோ போயிருக்க வேண்டும். வடிகட்டி கிழிந்த டேங்க், டீசல் கலந்த எண்ணெய், இரும்புத் துகள் மிதக்கும் கழிவு எண்ணெய் ஆகியவையே அந்த வேலையைச் செய்பவை.

பம்ப்பை வெளியே எடுத்தவர்களுக்கு ஒரு நேர்மையான சோதனை கையிலேயே இருக்கிறது. உள்ளே வரும் துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் முளையைச் சுற்றினால் வெளித்துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்க வேண்டும். துளையை விரல் நுனியால் அடைத்தால் அழுத்தம் தெரிய வேண்டும். தெரிந்தால் பம்ப்பைத் திரும்பப் பூட்டலாம். ஓ-ரிங்கை மட்டும் மாற்றிக்கொள்வது நல்லது. முளையில் நீளக் கீறல்கள் தெரிந்தாலோ, கூடு வெடித்திருந்தாலோ, சுற்றும்போது எண்ணெய் வந்த வழியே பின்வாங்கினாலோ அது செத்த பம்ப். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. மறுப்பு அதை முதலில் சொல்வதற்குத்தான்.

எதிர்த்தரப்பிடம் மிகப் பலமான ஆயுதம் ஒன்று இருக்கிறது: பம்ப்பை மாற்றினோம், சரியாகிவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கேட்டவுடன் வாயடைத்துப்போகும் கேள்வி. ஆனால் பம்ப்பை மாற்றும்போது வேறு என்னென்ன நடக்கின்றன என்று பார்த்தால் சாட்சியம் கரைந்துவிடுகிறது. பாரும் செயினும் கழற்றப்படுகின்றன. கழற்றிய பாரை யாரும் துடைக்காமல் மாட்டுவதில்லை. டேங்க் காலியாக்கப்படுகிறது, பல நேரங்களில் கழுவப்படுகிறது. கவருக்குப் பின்னாலிருக்கும் தூள் காற்றடித்து விரட்டப்படுகிறது. காற்று வால்வின் மேல் அப்பியிருந்ததும் அதோடு போகிறது. கையோடு கையாகக் குழாயும் வடிகட்டியும் புதிதாக வருகின்றன; சில கடைகளில் அவை பம்ப்போடு சேர்த்தே ஒரு பொட்டலமாக விற்கப்படுகின்றன. கடைசியில் டிரம் திரும்ப மாட்டப்பட்டு, கம்பி பள்ளத்தில் விழுகிறது. ஆறு கோளாறுகளுக்கான ஆறு மருந்துகளை ஒரே வேளையில் கொடுத்துவிட்டு, குணமானதற்கு ஆறாவது மாத்திரையே காரணம் என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்? பழைய பம்ப் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது, அதை விரலால் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. பம்ப் கெட்டது என்ற நம்பிக்கை இப்படித்தான் தன்னைத் தானே நிரூபித்துக்கொண்டு தலைமுறை தாண்டுகிறது.

பட்டறை நேரத்தின் விலையையும் அவர்கள் சொல்வார்கள்: ஒரு மணி நேரம் தேடுவதற்கு வாங்கும் கூலியில் மலிவான பம்ப் ஒன்றே வந்துவிடும், பேசாமல் மாற்றிவிட்டால் தீர்ந்தது. புது ரம்பத்துக்கு இது ஒருவேளை பொருந்தலாம். பழையதற்குப் பொருந்தாது. மூலக் கம்பெனிப் பம்ப் பல மாடல்களுக்குக் கிடைப்பது அரிதாகிவிட்டது. 1991இல் மகிதா நிறுவனத்தின் கைக்குப் போன டோல்மாரின் பழைய ரம்பங்களை வைத்திருப்பவர்கள் பலர், ‘பம்ப் போயிற்று’ என்பதை ரம்பமே போயிற்று என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். பெயரில்லாத நகல் பம்ப்புகளோ, அளவு பிசகி, முப்பது வருஷத்துப் பழையதைவிடக் குறைவாக எண்ணெய் தள்ளுவது உண்டு. அட்டைச் சோதனை, மூடிச் சோதனை, பார் சுத்தம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு தேநீர் நேரம் போதும். ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டியதில்லை, பார் நட்டுகளைத் தவிர.

‘பயோ’ எண்ணெயின் மீதான குற்றச்சாட்டுக்கு வருவோம். செயின் எண்ணெய் திரும்ப வருவதில்லை. டேங்கில் ஊற்றியது அத்தனையும் மரத்தூளோடு காட்டு மண்ணில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஜெர்மனியில் 1980களிலிருந்தே கடுகின் உறவான ரேப்சீட் எண்ணெயிலிருந்து செய்த, மண்ணில் மக்கும் செயின் எண்ணெய்கள் வந்தன. ‘பிளாவர் எங்கல்’ சுற்றுச்சூழல் முத்திரையிலும் அவற்றுக்குத் தனி வகை ஏற்பட்டது. ஆஸ்திரியா 1990இல் ஆணை பிறப்பித்து மக்கும் எண்ணெயைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் நாடு முழுவதற்குமான தடை இல்லை. ஆனால் பிஇஎஃப்சி, எஃப்எஸ்சி ஆகிய காட்டுப் பராமரிப்புச் சான்றுகளைப் பெற்ற காடுகளில் அது நிபந்தனை. மோட்டார் ரம்பப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டிவிட்டுத் தன் விறகைத் தானே வெட்டிக்கொள்ளும் கிராமத்துக்காரர்களுக்கும் அது பொருந்தும்.

குற்றச்சாட்டில் உள்ள உண்மை இது: செடி எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளாக நாளாகப் பிசினாகும். சமையலறை எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படியும் பிசுபிசுப்பே அது. ரம்பத்தில் அது முளையைக் கூட்டோடு ஒட்டிவிடும், வால்வை மூடிவிடும், செயினின் கணுக்களை விறைக்க வைக்கும். ஷ்டீல் கையேடும் இதை மறைக்கவில்லை: மூப்பைத் தாங்கும் தன்மை போதாத எண்ணெய் சீக்கிரம் பிசினாகி, பம்ப்பையே அடைத்துவிடக்கூடும் என்று எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை ‘போதாத’ எண்ணெயைப் பற்றியது. சூப்பர்மார்க்கெட்டில் சாலட் எண்ணெயை வாங்கி ஊற்றிவிட்டு பயோ எண்ணெய் கெடுத்தது என்பவர்கள் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்குகிறார்கள். செயினுக்கென்று தயாரித்த எண்ணெயில் ஆக்சிஜனைத் தடுக்கும் சேர்மானமும், வேகத்தில் தெறிக்காமல் ஒட்டிக்கொள்ளும் சேர்மானமும் உண்டு; சாலட் எண்ணெயில் இரண்டும் இல்லை. மேலும், பிசின் ஓடும் ரம்பத்தில் உருவாவதில்லை. மார்ச்சில் கொட்டகையில் வைத்து நவம்பரில் எடுக்கும் ரம்பத்தில்தான் உருவாகிறது. குற்றம் எண்ணெயைவிடக் காலண்டரில் இருக்கிறது.

பிசினால் ஒட்டிப்போன பம்ப்பும் செத்த பம்ப் அல்ல. டேங்கைக் காலி செய்து, பிசின் கரைப்பானையோ மெல்லிய தாது எண்ணெயையோ ஊற்றி ஓரிரண்டு நாள் ஊறவிட்டால் பெரும்பாலானவை விட்டுக்கொடுக்கும். பலவந்தமாக முடுக்கினால்தான் வார்மின் பல் போகும். கழற்றிக் கழுவிய முளை பளபளப்பாக இருந்தால், பயோ எண்ணெய் அதைத் தேய்க்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பயோ எண்ணெயைப் பழிப்பவர்கள் அதற்குப் பதிலாக ஊற்றச் சொல்வது எதை என்று பார்த்தால் வாதம் இன்னும் நொண்டுகிறது. காரிலிருந்து வடித்த எஞ்சின் எண்ணெய் இலவசம் என்பதால் அதைப் பரிந்துரைப்பவர்கள் இன்றும் உண்டு; நம் ஊரிலும் மரம் அறுக்கும் மெஷினுக்கு அதையே ஊற்றும் பழக்கம் புதிதல்ல. அதில் தேய்மானத் துகளும் கரியும் இருக்கின்றன; ஒட்டும் தன்மை இல்லை; தோலில் தொடர்ந்து படும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. செயின் அதை மூச்சில் படும் தூவலாகச் சிதறடிக்கிறது. ஜெர்மனியில் கழிவு எண்ணெய் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டிய பொருள், காட்டில் தெளிப்பது சட்டமீறல். பம்ப்பைப் பாதுகாக்கச் சொல்லப்படும் இந்த யோசனைதான் பம்ப்பை உண்மையில் தேய்க்கக்கூடியது. குளிரில் கெட்டியான எண்ணெயில் டீசலைக் கலக்கும் யோசனையும் அதே ரகம். நீர்த்தால் பம்ப் எளிதாகத் தள்ளும், ஆனால் பாரில் நிற்காது. குளிருக்கென்று மெல்லிய தரம் விற்கிறது. அது இல்லையென்றால் எண்ணெய்க் கேனை இரவு வீட்டுக்குள் வைத்து, காலையில் கொண்டுபோனால் போதும்.

எண்ணெய் அளவு ஸ்க்ரூவை முழுக்கத் திறந்துவிடுவதும் ஊரார் மருந்துகளில் ஒன்று. அடைபட்ட வழியில் அதிகம் தள்ளச் சொல்வதால் அடைப்பு நீங்காது. வழி சரியான பிறகு, நீண்ட பாருக்கும் ஓக், பீச் போன்ற கடின மரத்துக்கும் கூட்டலாம். குட்டைப் பாருக்குக் குறைக்கலாம். கூட்டும்போது பெட்ரோலுக்கு முன் எண்ணெய் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மீதிப் பெட்ரோல் முழுவதும் செயின் வறண்டே ஓடும்.

சேமித்து வைக்கும் முறையில்தான் பழைய ரம்பக்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள், அதுவும் நல்லெண்ணத்தில். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறோம் என்று எண்ணெய் டேங்கைக் காலி செய்து வைக்கிறார்கள். பெட்ரோலுக்கு அது சரி. பயோ எண்ணெய்க்கு நேர் எதிர்: சுவரிலும் குழாயிலும் முளையிலும் ஒட்டிய மெல்லிய படலம் முழுக்கக் காற்றுக்குத் திறந்து கிடந்து வேகமாகப் பிசினாகும். மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் பயோ எண்ணெய் ஊற்றிய டேங்கை விளிம்பு வரை நிரப்பி வை என்று ஷ்டீல் கையேடு சொல்வது காற்றுக்கு இடம் கொடுக்காமலிருக்கத்தான். அல்லது நிறுத்துவதற்கு முந்தைய கடைசி டேங்கைத் தாது எண்ணெயிலோ செயற்கை எஸ்டர் எண்ணெயிலோ ஓட்டிவிடலாம். பாரையும் செயினையும் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசித் தனியே வைக்க வேண்டும். அலமாரியில் ரம்பத்துக்கு அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தால் பதற வேண்டாம்: பாரில் தங்கியது வடிவதும், வெயிலில் டேங்க் சூடாகி விரிவதும் அதற்குப் பெரும்பாலும் போதுமான காரணங்கள். துடைத்துவிட்டு, அடியில் ஒரு அட்டையை வைத்து, மறுவாரமும் அதே அளவு ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே குழாயின் இணைப்பையும் ஓ-ரிங்கையும் சந்தேகிக்கலாம்.